எலும்பு சொல்வதும் சொல்லாததும்



பல்கலைக்கழகத்தில் உடல்சார் மானிடவியலும் தடய மானிடவியலும் பயில்வது குறித்துப் பேசுமாறு எம்மைப் பணித்தனர். பாடத்திட்டங்களை எடுத்துரைத்து முடித்துக்கொள்வோம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வி அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. "ஓர் எலும்பைப் பார்த்து, இவர் தமிழர் என்று சொல்ல முடியுமா?" என்று அவர் கேட்டார். உடனிருந்த பெரியவர்கள் சிலரும் எம் முகத்தையே பார்த்தனர். 'முடியும்' என்ற விடையை அவர்கள் விரும்பினர் என்பது எமக்குத் தெரிந்தது. அன்று நேரமில்லை என்று கூறி நழுவிவிட்டோம். இன்று அக்கேள்விக்கே விடைகூற முற்படுகின்றோம்.

ஈசூனில் வாழ்வோர்க்கு மண்டாய் தகனச்சாலை தொலைவில் இல்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர், தகனத்திற்குப் பின் அங்குச் சென்று எலும்பு பொறுக்கியிருப்பர். பால் தெளித்து, வெந்து வெளுத்த துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கலத்தில் இடுகையில், "இது கால், இது கை, இது தலை" என்று யாரேனும் ஒருவர் மெல்லச் சொல்லக் கேட்டிருப்போம். அப்படிச் சொல்லும் அந்த மூத்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். ஆயினும் அவர் செய்வதே எம் துறையின் முதற்பாடம் ஆகும். வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கோ அதனினும் மிகுதி. வளர வளரப் பல துண்டுகள் இணைந்து ஒன்றாகின்றன. உடைந்த ஒரு விரற்கடைத் துண்டைக் கையில் தந்து, இஃது எவ்வெலும்பு, இடப்பக்கமா வலப்பக்கமா, மனிதருடையதா விலங்கினுடையதா என்று கேட்பார்கள். மாணவர் கண்ணாலும் விரலாலும் விடைகாண வேண்டும். நாம் மாணவராக இருந்த காலத்துச் செய்முறைத் தேர்வொன்றில், ஆட்டின் விலா எலும்பைக் குழந்தையின் விலா எலும்பு என்று எழுதிக் கொடுத்தோம். ஆசிரியர் சினக்கவில்லை. "காவல் நிலையத்திலிருந்து உனக்கு வரும் பொட்டலங்களில் பல ஆட்டெலும்பாகவே இருக்கும், பழகிக்கொள்" என்று மட்டும் கூறினார். பிற்காலத்தில் அவர் சொன்னபடியே நடந்தது.

அடுத்த பாடம் நான்கு கேள்விகளைப் பற்றியது. ஆணா பெண்ணா, வயது என்ன, உயரம் எவ்வளவு, இறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பன அவை. இடுப்பெலும்பு முழுமையாகக் கிடைத்தால் முதற்கேள்விக்கு விடை எளிது. மகப்பேற்றிற்கு இடந்தரும் வகையில் பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். முன்புறக் கோணமும் பின்புற வளைவும் விரிந்திருக்கும். மண்டையோடு மட்டும் கிடைத்தால் உறுதி குறையும். பருவமெய்தாத குழந்தையின் எலும்பாயின் ஆண், பெண் என்று எலும்பின் வடிவத்தைக் கொண்டு நம்பகமாகச் சொல்லவே இயலாது. வயதைப் பொறுத்தவரை இது தலைகீழாக அமைகிறது. குழந்தைகளின் பற்கள் முளைக்கும் ஒழுங்கு ஏறத்தாழ நாட்காட்டி போன்றது. ஓரிரு ஆண்டு வேறுபாட்டிற்குள் சொல்லிவிடலாம். காறையெலும்பின் மார்புப்பக்க முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுமையாக இணையும் என்பதால் இளைஞர் வயதையும் ஓரளவு கணிக்கலாம். நாற்பதைக் கடந்துவிட்டால், 'நாற்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்திற்குள்' என்பது போன்ற அகன்ற விடையே நேர்மையான விடை. தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வல்லுநர் ஒரு நொடியில் 'முப்பத்திரண்டு வயது' என்பார். அவரை நம்பி இத்துறைக்கு வரும் மாணவர் முதல் பருவத்திலேயே ஏமாற்றமடைவர்.

உயரக் கணக்கைச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம், ஏனெனில் நம் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அதில் ஒளிந்துள்ளது. தொடையெலும்பின் நீளத்தை ஒரு வாய்பாட்டில் இட்டால் உயரம் கிடைக்கும் என்பது பாடநூல் செய்தி. அவ்வாய்பாடு எங்கிருந்து வந்தது? உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்டவை, 1952ஆம் ஆண்டு மில்ட்ரெட் டிராட்டர், கோல்டின் கிளெசர் என்னும் இரு பெண் அறிஞர்கள் வெளியிட்ட வாய்பாடுகள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட அமெரிக்கப் படைவீரர்களின் எலும்புகளை டிராட்டர் அம்மையார் ஹவாயில் இருந்து அளந்தார். படையில் சேர்ந்தபோது குறித்த உயரம் ஏட்டில் இருந்தது. எலும்பின் நீளம் கையில் இருந்தது. இரண்டையும் இணைத்து வாய்பாடு கண்டனர். அருமையான பணி. ஆனால் ஓர் அமெரிக்க வீரரின் காலுக்கும் உடலுக்கும் உள்ள விகிதம், தஞ்சாவூர்க் கூலித் தொழிலாளி ஒருவருக்கும் பொருந்தும் என்று யார் சொன்னது? பொருந்துவதில்லை. ஒவ்வொரு மக்கள்தொகைக்கும் தனித்தனி அளவீடு தேவை என்பதை இன்று எல்லாரும் ஒப்புவர்.

இதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. கணைக்காலின் பெரிய எலும்பை அளக்கும்போது, கணுக்காலின் உட்புறப் புடைப்பையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று அம்மையார் எழுதிவைத்தார். அளந்தபோதோ அதனைச் சேர்க்காமலே அளந்துவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் மாணவர்கள் அவர் எழுதியபடி அளந்து, அவர் அளந்தபடி அமைந்த வாய்பாட்டில் இட்டு, சில சென்டிமீட்டர் கூடுதலாக விடைகண்டு வந்தனர். 1995ஆம் ஆண்டில்தான் ரிச்சர்ட் ஜான்ட்சும் அவர்தம் குழுவினரும் பழைய அளவுகளை மீண்டும் சோதித்துப் பிழையை வெளிக்கொணர்ந்தனர். பாடநூலில் அச்சிட்டிருப்பதனால் மட்டும் ஓர் எண்ணை நம்பிவிடாதீர் என்று மாணவர்க்கு நாம் சொல்வது இதனால்தான்.

தமிழர் எலும்புகளுக்கு ஒப்பீட்டுத் தொகுதி பெரிதாக அமையாததற்கு ஒரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நாம் எரிக்கின்றோம். எரித்ததைக் கரைக்கின்றோம். பெயரும் வயதும் உயரமும் பதிவான எலும்புத் தொகுதிகள் அமெரிக்காவின் கிளீவ்லாந்திலும் வாசிங்டனிலும் ஆயிரக்கணக்கில் உள்ளன. மறுபுறம், இந்தியாவிலிருந்து மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகள் பன்னெடுங்காலம் ஏற்றுமதியாயின. 1985ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைத் தடைசெய்தது. உலகின் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகத் தொட்டுப் பயின்றது பெயரறியா இந்திய ஏழைகளின் எலும்புகளையே. அவர்கள் யார், எவ்வூரார், எந்த வயதினர் என்ற குறிப்பு உடன் வரவில்லை. அதனால் அவ்வெலும்புகள் உடற்கூறு கற்பித்தனவே தவிர, அம்மக்களைப் பற்றி எதையும் கற்பிக்கவில்லை.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். எலும்பைக் கொண்டு இனம் பிரிக்கும் முயற்சி தமிழகத்தில் புதிதன்று. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கவராயமும் கொண்டு தென்னிந்தியர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ரங்காச்சாரியுடன் இணைந்து அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளைக் கொண்டது. வடக்கே ஹெர்பர்ட் ரிசிலி என்பார், மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கும் சாதிப்படிநிலைக்கும் தொடர்புண்டு என்றே வாதிட்டார். அவ்வாதம் இன்று அறிவியலில் நிற்கவில்லை. அது விளைத்த தீங்கு மட்டும் நின்றுவிட்டது. இக்குப்பையிலிருந்தும் ஒரு மாணிக்கம் கிடைத்தது. கொல்கத்தாவில் எடுத்த இத்தகைய உடலளவுகளை ஆராயப் புகுந்த மகலனோபிசு, இரு குழுக்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கணக்கிட ஒரு முறையை 1936இல் முழுமையாக வகுத்தளித்தார். கணினித்துறை மாணவர்கள் இன்று 'மகலனோபிசு தொலைவு' என்று பயில்வது அதுவே.

ஆதிச்சநல்லூரின் கதையும் இதனோடு பின்னியது. தாமிரபரணிக் கரையிலுள்ள அப்பரம்பில் 1876ஆம் ஆண்டு பெர்லினைச் சேர்ந்த யாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் அலெக்சாந்தர் ரே விரிவாக அகழ்ந்து முதுமக்கள் தாழிகளை வெளிக்கொணர்ந்தார். அங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சுக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எஞ்சிய சில மண்டையோடுகளை வைத்துக்கொண்டு அக்காலத்தவர் 'இஃது இவ்வினம், அஃது அவ்வினம்' என்று பெயர் சூட்டினர். 2004இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. செய்தித்தாள்கள் கேட்டது மீண்டும் அதே கேள்வி: அவர்கள் யார்?

அண்மைக்காலத்தில் கீழடியை அடுத்த கொந்தகையும் இக்கேள்வியைக் கிளப்பியது. அங்குள்ள ஈமக்காட்டில் கிடைத்த இரு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்து முக ஆய்வகத்தாரும் இணைந்து உருவாக்கிய முகங்கள் 2025இல் வெளியாயின. அப்படங்கள் சிங்கப்பூரில் எத்தனை கைப்பேசிகளுக்கு வந்தன என்பதை இந்த அவையே அறியும். "எங்கள் தாத்தாவைப் போலவே இருக்கிறார்" என்று நண்பர் ஒருவர் எழுதினார். அம்முகத்தின் எப்பகுதி எலும்பிலிருந்து வந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டும். தாடையின் அகலம், கண்குழியின் இடம், நெற்றியின் சாய்வு, மூக்கின் அடிப்பகுதி ஆகியவற்றை எலும்பு தருகிறது. தசையின் கனத்தை இன்று வாழும் மக்களின் சராசரியிலிருந்து பெறுகின்றனர். தோலின் நிறம், தலைமயிர், உதட்டின் வடிவம், கண்ணின் பார்வை ஆகியவற்றை எலும்பு சொல்வதில்லை. அவற்றை வரைபவரே முடிவுசெய்கிறார். நண்பர் தம் தாத்தாவைக் கண்டது பெரும்பாலும் அந்தப் பின்பகுதியில்தான். இதனால் அப்பணி பொய்யென்று ஆகாது. முகம் கண்டவுடன் நம் உள்ளம் முந்திக்கொள்கிறது என்பதே நாம் கூற வருவது.

ஆகவே, மாணவருக்கு எம் விடை: முடியாது. 'தமிழர்' என்பது முதன்மையாக ஒரு மொழியால் அமைந்த பெயர். மொழி நாவில் இருக்கிறது, நாவில் எலும்பில்லை. ஒருவருடைய முன்னோர் உலகின் எப்பகுதியினராக இருந்திருக்கலாம் என்பதை மண்டையோட்டின் பல அளவுகளைக் கொண்டு நிகழ்தகவாகக் கூறலாம். மரபணு கிடைத்தால் இன்னும் நன்றாகக் கூறலாம், வெப்பநாட்டு மண்ணில் மரபணு எளிதில் சிதைந்துவிடும் எனினும். அந்த முன்னோர் என்ன மொழி பேசினர் என்பது தாழியிலுள்ள பானையோட்டில் எழுத்திருந்தால் தெரியவரும். நம் அடையாள அட்டையில் 'இனம்' என்று ஒரு வரி உண்டு. தொடையெலும்பில் அப்படியொரு வரி இல்லை.

இவ்விடை சிலருக்கு ஏமாற்றம் தரும் என்பதை அறிவோம். ஆயினும் இத்துறை தமிழர்க்கு எங்கே தேவைப்படுகிறது என்று கேட்டால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெருமையில் தொடங்க மாட்டோம், மன்னாரில் தொடங்குவோம். 2018ஆம் ஆண்டு இலங்கையின் மன்னார் நகரில், சதொச விற்பனை நிலையம் இருந்த இடத்தில் கட்டடப் பணிக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற ஆணைப்படி நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். காணாமற்போன மகனின் ஒளிப்படத்தை ஏந்திய தாய்மார் வேலிக்கு வெளியே நின்றனர். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வகத்திற்குச் சென்றன. 2019இல் வந்த கரிமக் காலக்கணிப்பு முடிவு, அவை பதினைந்தாம் நூற்றாண்டிற்கும் பதினேழாம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை என்றது. ஆறு துண்டுகளைக் கொண்டு முந்நூறு பேரின் காலத்தைச் சொல்லலாமா என்று குடும்பத்தார் தரப்பில் கேள்வி எழுந்தது. மானிடவியல் மாணவருக்கு இது மிக நியாயமான கேள்வியாகவே தோன்றும். எந்தெந்த எலும்பை, எந்த ஆழத்திலிருந்து, எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தனர் என்பது ஆய்வகத்தின் கருவியைவிட முதன்மையானது. 1950களிலும் 60களிலும் நிகழ்ந்த அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவு உயர்ந்தது. அதற்குப் பின் வாழ்ந்தவர் உடலில் அதன் அடையாளம் இருக்கும். எனவே 'பழையதா, நம் காலத்ததா' என்பது விடை காணக்கூடிய கேள்விதான், போதிய மாதிரிகளை முறையாகச் சோதித்தால்.

2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு சிறு குழந்தையின் எலும்புக்கருகே பள்ளிப்பையும் விளையாட்டுப் பொம்மையும் இருந்தன. அக்குழந்தை ஆணா பெண்ணா என்பதை எலும்பின் வடிவத்தால் சொல்ல இயலாது. வயதைப் பற்களால் சொல்லலாம் என்று சற்று முன் கூறினோமல்லவா, அப்பாடம் இங்குதான் வந்து நிற்கிறது.

நமக்கு இன்னும் அருகில் ஒன்று உள்ளது. ஜப்பானியர் காலத்தில் மலாயாவிலிருந்து சயாம் பர்மா இரயில்பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் அடக்கமாகியுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் வயதும் உள்ளன. போர்க்கைதிகளைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறை இல்லை. 1990இல் அந்நகரில் ஒரு கரும்புத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. முறையான மானிடவியல் ஆய்வு அங்கு நடந்திருந்தால் ஆண், பெண், குழந்தை எத்தனை பேர், எந்நோயின் தடம், எத்தகைய சுமை என்பன பலவும் தெரிந்திருக்கும். அண்மையில் மலேசியத் தமிழர் சிலர் காஞ்சனபுரிக் கோயிலொன்றில் அவர்கள் நினைவாக நடுகல் நாட்டியுள்ளனர். பெயர்கள் மட்டும் இல்லை. நம் சிங்கப்பூரிலும் 1962இல் சிக்லாப் பகுதியில் வெளிப்பட்ட எலும்புகளைத் தனித்தனியே அடையாளம் காண இயலாமல், பிற இடங்களில் கிடைத்தவற்றோடு கலங்களில் சேர்த்தே 1967இல் திறந்த பொதுமக்கள் போர் நினைவுச்சின்னத்தின் அடியில் வைத்தனர்.

இத்துறையைப் பயில விரும்பும் மாணவர்க்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தியாவில் மானிடவியலுக்கெனத் துறையை முதலில் தொடங்கியது கொல்கத்தாப் பல்கலைக்கழகம், 1920இல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அத்துறை 1945இல் அமைந்தது. சிங்கப்பூரில் எலும்பு மானிடவியலுக்கெனத் தனி இளங்கலைப் பட்டம் இல்லை. இங்குச் சமூகவியலும் மானிடவியலும், அல்லது உயிர்வேதியியலும் தடயவியலும் பயின்று, பின்னர் வெளிநாடு செல்வதே வழி. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் தொடங்கிய திறந்தவெளி ஆய்வுக்களம் புகழ்பெற்றது. அதன் தோற்றத்திற்கு ஒரு தவறே காரணம். தோண்டியெடுத்த ஓர் உடலைக் கண்டு, இறந்து ஓராண்டு இருக்கலாம் என்றார் பாஸ். அவரோ 1864இல், உள்நாட்டுப் போரில் மாண்ட ஒரு படைத்தலைவர்! நூற்றுப்பதின்மூன்று ஆண்டுப் பிழை. வெட்கி ஒளியாமல், உடல் எவ்வாறு சிதைகிறது என்பதை முறையாகக் கண்டறிய அவர் களம் அமைத்தார். ஆயினும் டென்னசியின் குளிரில் கண்ட கணக்கு ஈசூனின் புழுக்கத்திற்கு ஆகாது. வெப்பநாட்டுக் கணக்கை இனிமேல்தான் விரிவாக எழுத வேண்டும். வேலை எளிதில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். பணியிடங்கள் மிகக் குறைவு. பெற்றோரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டே வாருங்கள்.

மொழி மன்றத்தின் மேடையில் ஒரு சொல் கூடுதலாகக் கூறலாம். அகழ்வறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வருகின்றன. வேலிக்கு வெளியே நிற்கும் தாய்க்குத் தமிழ் மட்டுமே தெரியும். 'இறப்பிற்கு முன் ஏற்பட்ட முறிவு', 'இறக்கும் வேளையில் ஏற்பட்ட முறிவு', 'இறந்தபின் மண்ணழுத்தத்தால் ஏற்பட்ட முறிவு' என்ற மூன்றும் வழக்கையே மாற்றவல்லவை. மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் 'எலும்பு முறிவு' என்று சொல்லிவிட்டால், அவருக்குக் கிடைக்க வேண்டிய செய்தி பாதிவழியில் நின்றுவிடும். 'பொருந்தவில்லை' என்பதும் 'பொருந்துவதாகக் கூற இயலவில்லை' என்பதும் வேறு வேறு. இரண்டாவதைக் கேட்கும் தாய் இன்னும் காத்திருப்பார். இச்சொற்களை வகுப்பது தமிழாசிரியர்களும் அறிவியல் மாணவர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. நாம் தொகுத்த நூற்றைம்பது சொற்களின் பட்டியலை வாயிலில் வைத்துள்ளோம். தவறெனத் தோன்றுவதை அடித்துத் திருத்தித் தாருங்கள்.

மேடையின் இடப்புறத்து மேசையில் நெகிழியால் செய்த இரண்டு இடுப்பெலும்புகளும் ஒரு தாடையும் உள்ளன. தேநீருக்குச் செல்லும்முன் தொட்டுப் பாருங்கள். ஆணா பெண்ணா, வயது என்ன என்று அருகிலுள்ள தாளில் எழுதுங்கள். 'தெரியவில்லை' என்று எழுதுவோர்க்கும் மதிப்பெண் உண்டு. மூன்றனுள் ஒன்றுக்கு அதுவே சரியான விடை.